மலை ஏறுமா இந்தப் பழைய வண்டி? அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

எங்கள் வீட்டு வாசலில் மூன்று வண்டிகள் நிற்கின்றன. மூன்றும் இன்னொருவர் ஓட்டிவிட்டுக் கொடுத்தவை. வீட்டுக்காரருக்குக் காப்பித் தோட்டம் போய்வர ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட், எனக்கு ஏற்காடு டவுனுக்குள் சுற்ற ஒரு கியரில்லாத ஸ்கூட்டர், சேலத்தில் கல்லூரிக்குப் போகும் மகளுக்கு ஒரு 100 சி.சி. கியர் பைக். இவற்றுக்கு முன்னால் வாங்கி, மாமியாரிடம் பேச்சு வாங்கி, விற்றது இன்னும் மூன்று. நான் மெக்கானிக் இல்லை. அடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரைத் துளைத்தெடுத்துக் கற்றது பாதி, கைக்காசைத் தொலைத்துக் கற்றது மீதி.

ஜூன் பிறந்தால் போன் வர ஆரம்பிக்கும். “அக்கா, அஸ்தம்பட்டியில ஒரு வண்டி பார்த்திருக்கோம், வந்து ஒரு தடவ பார்த்துச் சொல்றியா?” எல்லாருக்கும் நேரில் போக முடியவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டரை ஒட்டி இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேலே. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் வழுக்கிக்கொண்டு போகும் வண்டி, ஐந்தாவது வளைவில் மூச்சு வாங்கும். அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஏற்றத்தில் தெரிகிறதா, இறக்கத்தில் தெரிகிறதா, நிற்கும்போதே தெரிகிறதா? பாதி விடை அதிலேயே வந்துவிடும். கோரிமேடு தாண்டி அடிவாரம் போய், பின்னால் ஒரு ஆளை உட்கார வைத்து, இரண்டு மூன்று வளைவாவது ஏறி இறங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். “மலைக்கெல்லாம் எதுக்குங்க, இந்தத் தெருவுலயே ஓட்டிப் பாருங்க” என்று விற்பவர் சொன்னால், அதையே முதல் அறிகுறியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நாம் போகும்போதே என்ஜின் சூடாக இருக்கிறது

“ஸ்டார்ட் பண்ணாம வைங்க, நான் வந்து பார்த்துக்கிறேன்” என்று போனிலேயே சொல்லிவிடுவேன். போனதும் பேச்சுக் கொடுத்தபடியே புறங்கையை என்ஜினுக்குப் பக்கத்தில் கொண்டுபோவேன். தொடவே வேண்டாம், சூடு தெரிந்துவிடும். சூடாக இருந்தால் சண்டை போடுவதில்லை. “டீ சாப்பிட்டு வந்துடுறேங்க” என்று ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்புவேன். காலையில் முரண்டு பிடிக்கும் வண்டியைத்தான் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள்.

ஆறிய என்ஜினில் கிக்கரைக் காலால் உதைக்கும் முன், சாவி போடாமல் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் கெட்டியாகத் தடுக்க வேண்டும். தடுப்பே இல்லாமல் சர்ரென்று இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம், போய்விட்டது, பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. சிலிண்டரைக் குடைந்து புது பிஸ்டன் போடும் போர் வேலையோ, வால்வு வேலையோ வரும். சில ஆயிரம் ரூபாய்ச் சமாசாரம், விலையில் அதைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுப்பு நன்றாக இருந்தும் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் பெரும்பாலும் பிளக், கார்பரேட்டர், சோக் இந்த மூன்றில் ஒன்று. அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

செல்ஃப் வேலை செய்யவில்லை, கிக்கரில் எடுக்கிறது என்றால் பேட்டரியைப் பாருங்கள். வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் 13.5-லிருந்து 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது, பெரும்பாலும் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும்.

மேட்டில் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

எனக்கு அதிகம் பாடம் கற்றுக்கொடுத்தது இந்த அறிகுறிதான். என் இரண்டாவது ஸ்கூட்டர் சேலத்துக்குள் பட்டாம்பூச்சி மாதிரி பறந்தது. முதல் தடவை மாமியாரைப் பின்னால் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். மூன்றாவது வளைவிலேயே என்ஜின் ஊளையிட்டது, வேகமுள் மட்டும் 20-ஐத் தாண்ட மாட்டேன் என்றது. “நான் வேணா எறங்கி நடக்கட்டுமா?” என்று மாமியார் கேட்டதை இன்றைக்கும் யாராவது விருந்தாளி வந்தால் சொல்லிக் காட்டுவார்.

என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் என்ஜினில் பழுது இல்லை. அது கொடுக்கும் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கியரில்லா ஸ்கூட்டரில் என்ஜினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது. முன்பக்கம் ஒரு கப்பி, அதற்குள் ஆறு சின்ன உருளைகள். பின்பக்கம் இன்னொரு கப்பி, அதோடு கிளட்ச் ஷூ. நாம் முறுக்க முறுக்க உருளைகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, பெல்ட் கப்பியின் விளிம்புக்கு ஏறும். கியர் மாறும் வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது. பெல்ட் தேய்ந்து ஒல்லியானால் கப்பிக்குள் வழுக்கும். உருளைகள் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டால் நகராமல் மாட்டிக்கொள்ளும். கிளட்ச் ஷூ கண்ணாடி மாதிரி பளபளத்துப் போனால் பிடிக்காது.

எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மேட்டில் நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது வண்டி நடுங்கினால், தவளை மாதிரி விட்டு விட்டுத் துள்ளினால், கிளட்ச் ஷூ. கிளம்பும்போது ஒழுங்காகக் கிளம்பி, 30, 40-இல் சத்தம் மட்டும் கூடினால் பெல்ட். இறக்கம் வரை நன்றாக ஓடி, மறுபடி மேடு வந்ததும் இழுக்கச் சோம்பல் பட்டால் உருளைகளைச் சந்தேகப்படலாம். இடதுபக்க மூடியைக் கழற்றினால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். பெல்ட்டை வெளியே எடுத்து உள்பக்கம் தெரியும்படி மடித்துப் பிடியுங்கள். பல்லுக்குப் பல் இடையில் கோடு கோடாக வெடிப்பு தெரிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. பொதுவாக 20,000 கிலோமீட்டரை ஒட்டி மாற்ற வேண்டிய பொருள் இது. மூடியைத் திறக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், பெல்ட், உருளை, ஷூ மூன்றும் மாற்ற வேண்டும் என்றே கணக்குப் போட்டு விலை கேளுங்கள்.

கியர் பைக்கில் இதே அறிகுறி வந்தால் கிளட்ச் பிளேட். ஆனால் பிளேட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் கிளட்ச் லீவரை ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் லூசு இருக்க வேண்டும். லூசே இல்லாமல் கேபிளை இழுத்துக் கட்டியிருந்தால் நல்ல பிளேட்டும் வழுக்கும். ஒரு ஸ்பேனரைத் திருப்பினால் சரியாகிவிடும் வேலை. மகளின் பைக்கை நான் சுமாரான விலைக்கு வாங்கியதே இதனால்தான். முந்தையவர் கிளட்ச் போய்விட்டது என்று நினைத்து விற்றார். கேபிளைத் தளர்த்தியதோடு சரி, இன்றுவரை அதே பிளேட்தான்.

முறுக்கினால் திணறுகிறது, அடக்கி வாசிக்கிறது

இங்கே சத்தமும் ஏறாது. மூச்சு முட்டுகிற மாதிரி ‘போ… போ…’ என்று அமுங்கும்.

வண்டி எங்கே ஓடியது என்று கேளுங்கள். ஏற்காட்டில் சேலத்தைவிடக் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. சேலத்துக்காகச் சரிசெய்த கார்பரேட்டர் வண்டி மேலே வந்ததும், அதே பெட்ரோலைக் குறைந்த காற்றில் கலந்து குடிக்கும். பிளக் கரி பிடிக்கும், புகை கறுக்கும், ஐடிலிங் தணிந்து அணைந்து அணைந்து போகும். இது பழுதே இல்லை, டியூனிங். தலைகீழாகவும் நடக்கும்: மலையிலேயே ஓடிய வண்டிக்குப் பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்பார்கள், அது சேலத்து மே மாத வெயிலில் கொதித்து, ஆக்ஸிலரேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். 2020 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான வண்டிகள் ஏறத்தாழ எல்லாமே, கார்பரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன். அவை காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தினமும் மலை ஏறி இறங்கும் வீட்டுக்கு, கொஞ்சம் விலை கூடினாலும் நான் இன்ஜெக்‌ஷன் வண்டியைத்தான் சொல்வேன். ஆனால் இன்ஜெக்‌ஷன் காத்துக்கொடுப்பது கலவையைத்தான். மெல்லிய காற்றில் சக்தி குறைவது அதற்கும் உண்டு.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவி போட்டதும் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து, பிறகு அணைய வேண்டும். அணையாவிட்டால் சென்சாரில் ஏதோ கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம், யாரோ விளக்கையே வேலை செய்யாமல் செய்திருக்கலாம்.

ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். மேக்னசைட் சுரங்கம் பக்கம் ஓடிய வண்டி ஒன்றின் ஃபில்டரைத் தட்டியபோது கோலமாவு மாதிரி கொட்டியது. அந்த வண்டிக்குத் திணறல் வியாதி ஃபில்டர் மாற்றியதோடு தீர்ந்தது.

நூறு அடி ஓடி அணைகிறது, மறுபடி ஸ்டார்ட் ஆகிறது

மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் இது வரும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கார்பரேட்டரின் அடியிலுள்ள வடிகால் ஸ்குரூவைத் தளர்த்தி, ஒரு பழைய ஜாம் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருண்டு, கண்ணாடி மணி மாதிரி நகரும். டேங்க், கார்பரேட்டர் இரண்டையும் வடித்துச் சுத்தம் செய்து புதுப் பெட்ரோல் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகும். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகளின் ரப்பர் குழாய்கள் எல்லாமே 20 சதவீத எத்தனாலுக்காகச் செய்தவை இல்லை. பெட்ரோல் டியூப் உப்பியோ பிசுபிசுத்தோ இருந்தால் வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். விலை டீச் செலவு அளவுதான்.

புகை

டிசம்பர் காலையில் ஏற்காட்டில் எந்த வண்டியும் வெள்ளையாகப் புகை விடும். அது நீராவி, சைலன்சர் சூடானதும் நின்றுவிடும். நீலம் கலந்த, மூக்கில் எரிகிற புகைதான் என்ஜின் ஆயில் எரிவது. அதிலும் எப்போது வருகிறது என்று பாருங்கள். மேட்டில் முறுக்கும்போதெல்லாம் விடாமல் வந்தால் ரிங். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுக்கொண்டே வந்து, கீழே திரும்ப முறுக்கும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை வந்தால் வால்வு சீல். சீல் வேலை சின்னது, ரிங் வேலை பெரியது. பின்னால் இன்னொரு வண்டியில் யாராவது வந்து பார்த்துச் சொன்னால்தான் இது பிடிபடும்.

பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடுங்கள். அது பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்துக் குடித்துப் புகை விடத்தான் செய்யும். 2015-இல் ஃபோர்-ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தது. தோட்டத்துக்கு மூட்டை ஏற்ற இரண்டும் ஆகும் என்றாலும் நான் பின்னதைத்தான் எடுப்பேன்.

ஆயில் குச்சியில் பால் காப்பி நிறம்

ஆயில் மூடியைத் திறந்து குச்சியைத் துடைத்துத் திரும்ப விட்டு எடுங்கள். தேன் நிறம் நல்லது. கறுப்பு, பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். குச்சியின் மேல் முனையிலும் மூடியின் உள்பக்கமும் மட்டும் வெண்ணெய் மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தால், குளிர் ஊரில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டி அது. என்ஜின் முழுச் சூடு ஏறாததால் ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது. ஆனால் ஆயில் முழுக்கவே பால் காப்பி நிறமாக இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

அப்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள், சென்னை வண்டியா என்று. சென்னையில் 2015-லும் 2023-லும் டிசம்பர் வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் முழுகின. வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் ஹெட்லைட் கூட்டுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலுள்ள ஒயர் முடிச்சுகளிலும் சேறு காய்ந்து ஒரு கோடு போட்டிருக்கும். ஒயர் இணைப்பு ஒன்றைக் கழற்றினால் பித்தளை முள் பச்சை பூத்திருக்கும். அப்படிப்பட்ட வண்டி இன்றைக்கு ஓடும், அடுத்த மாதம் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இறக்கத்தில் பிரேக் லீவர் கைப்பிடி வரைக்கும் வருகிறது

மற்ற எல்லாக் கோளாறும் பணத்தோடு போகும். இது உயிர்ச் சமாசாரம்.

மகளுக்கு முதலில் வாங்கியதும் ஸ்கூட்டர்தான். ஒரு நாள் மாலை நானும் அவளும் சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வளைவுகள் தாண்டியதும் தேங்காய் ஓடு தீயுமே, அந்த மாதிரி ஒரு வாசனை. முன்னால் போகும் லாரி என்று நினைத்தேன். அடுத்த வளைவில் லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, வண்டி நிற்கிற வழியாக இல்லை. நல்ல வேளை, எதிரில் யாரும் இல்லை. மலைப்பக்கச் சுவரை ஒட்டி, காலைத் தேய்த்து ஒருவழியாக நிறுத்தினோம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பிரேக் ஆறக் காத்திருந்தோம். குரங்குகள் வந்து பையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போயின.

பிறகு மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். இரண்டு பேரோடு வண்டி சுமார் 200 கிலோ. 1,200 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடுபடும் ஆற்றல், எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் என்ஜினும் கொஞ்சம் வாங்கிக்கொள்கின்றன, மீதி அத்தனை சூடும் உள்ளங்கை அகல பிரேக் டிரம்மில்தான் இறங்குகிறது.

ஆகவே வாங்கும் முன் பார்க்க வேண்டியவை. பின்சக்கரத்தில் பிரேக் கேபிள் வந்து மாட்டும் சின்ன இரும்புக் கையருகே பல வண்டிகளில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுக்கப் பிடிக்கும்போது அந்த அம்பு எதிரிலுள்ள கோட்டைத் தொட்டால், டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூ தேய்ந்து முடிந்தது. கேபிள் நட்டை மரையின் கடைசி வரை முறுக்கி வைத்திருந்தாலும் அதே அர்த்தம்தான். ஷூ மாற்றுவது சில நூறு ரூபாயில் முடியும். ஆனால் சக்கரத்தைக் கழற்றும்போது டிரம்மின் உள்சுவரையும் விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பில் படி மாதிரி தட்டுப்பட்டால் டிரம்மே தேய்ந்திருக்கிறது. அதிகபட்ச விட்டம் எவ்வளவு என்று டிரம்மிலேயே பொறித்திருப்பார்கள். அதைத் தாண்டியிருந்தால் புது ஷூ போட்டும் பயனில்லை. எங்கள் வண்டியில் நடந்தது இதுதான். விற்றவர் புது ஷூ போட்டதற்கு பில்லையே காட்டினார், டிரம்மைப் பற்றி மூச்சு விடவில்லை.

டிஸ்க் பிரேக் இருந்தால் ஹேண்டில்பாரில் உள்ள சின்ன ஜன்னலில் பிரேக் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். இள மஞ்சளாக இருக்க வேண்டியது டிக்காஷன் நிறத்துக்கு வந்திருந்தால் ஈரம் குடித்துப் பழசாகிவிட்டது. சமதளத்தில் தெரியாது, மலை இறக்கத்தில் சூடேறி உள்ளே குமிழ் விட்டு லீவர் தொய்ந்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதை யாரும் மாற்றுவதில்லை.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சி.சி. வரையிலான புது வண்டிகளில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் சி.பி.எஸ்., இல்லையென்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. ஆனால் பழைய வண்டியில் அந்த சி.பி.எஸ். கேபிளைக் கழற்றி விட்டிருப்பவர்களும் உண்டு. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவர் அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கச் சொல்லுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தால், கியர் பைக்கில் கால் பிரேக்கை மிதித்தால், முன்சக்கரம் நிற்க வேண்டும்.

ஓட்டும் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கியர் பைக்கில் எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் என்ஜினே பாதி பிரேக் வேலையைப் பார்க்கும். ஸ்கூட்டரிலும் ஓரளவு அந்தப் பிடிப்பு உண்டு, ஆனால் வேகம் தவழும் அளவுக்குக் குறைந்ததும் கிளட்ச் தானாகக் கழன்றுகொள்ளும், அப்புறம் பிரேக் மட்டும்தான். எக்ஸ்.எல்.லும் அப்படியே. அதனால்தான் தினமும் சேலம் இறங்கி ஏறுகிற மகளுக்கு ஸ்கூட்டரை விற்று கியர் பைக் வாங்கிக் கொடுத்தோம். முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டாள், இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. நான் ஊருக்குள் மட்டும் போவதால் எனக்கு ஸ்கூட்டர் போதும். வீட்டில் யார் தினமும் மலை இறங்குகிறாரோ, அவருக்கு எது தோது என்று பார்த்து முதல் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரல் போட்டு, சாவியை அணைத்து இறங்குகிற வீரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

வளைவில் ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறது, நடுவில் ‘டக்’ என்று நிற்கிறது

முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாக இடமிருந்து வலம் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் குழியில் விழுந்த மாதிரி சிக்கினால், ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன்செட் தேய்ந்திருக்கிறது. நேர்ப்பாதையில் தெரியாது, கொண்டை ஊசி வளைவில் கை வலிக்கும். மாற்றக்கூடிய பொருள்தான்.

வண்டி நேராகப் போகும்போதே ஒரு பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தால் விஷயம் வேறு. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் வளைந்திருக்கலாம், வண்டியின் எலும்புக்கூடான சேஸிஸே வளைந்திருக்கலாம். பின்னால் பத்தடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். சேஸிஸ் வளைந்த வண்டியை நான் எந்த விலைக்கும் வாங்க மாட்டேன்.

துருவும் இதோடு சேர்ந்ததுதான். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்து ரப்பர் பாயைத் தூக்கிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் குனிந்து, சேஸிஸ் குழாயை ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக இருந்தாலோ, அந்த ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் மின்னினாலோ உள்ளே அரித்திருக்கும். பால் கேன், மூட்டை ஏற்றிய எக்ஸ்.எல்.லில் கேரியர் வெல்டிங் சேருமிடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிழிந்த சீட்டுக்கு மட்டும் வண்டியை ஒதுக்காதீர்கள். ஏற்காட்டில் சீட்டைக் கிழிப்பது ஓட்டியவர் இல்லை, குரங்கு.

மீட்டர் 12,000-தான் காட்டுகிறது

காட்டட்டும். கிக்கர் ரப்பர், கைப்பிடி ரப்பர், சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கீறல் இவை மீட்டரைவிட உண்மை பேசும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வண்டி 2019 மாடல், டயர் 2022 என்றால், 12,000-இலேயே டயர் தேய்ந்து மாற்றினார்களா என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். ஆறு வருடத்தைத் தாண்டிய டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் கெட்டிப்பட்டிருக்கும். எங்கள் மழைச்சாலைக்கு அது ஆகாது.

“பேரு அப்புறமா மாத்திக்கலாம்ங்க”

இதுவும் அறிகுறிதான். வண்டி எண்ணை அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டால் பதிவு எத்தனையாவது வருடம், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் ஏதாவது நிற்கிறதா என்பது வந்துவிடும். கடன் அடைத்தாயிற்று என்று வாயால் சொன்னால் போதாது, வங்கியின் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி.யும், கடன் குறிப்பைப் பதிவிலிருந்து நீக்கும் படிவம் 35-உம் வேண்டும். பதிவுச் சான்றான ஆர்.சி.யிலுள்ள சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் வண்டியில் தேடி, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி ராவியிருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பதிவு 15 வருடம் செல்லும், அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 14 வருட வண்டியின் விலையில் அந்தச் செலவும் அலைச்சலும் சேர்த்தி.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாளுக்குள். இன்சூரன்ஸை நம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் சித்தி மகன் விற்ற வண்டிக்கு, வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓட்டி, ஒன்றரை வருடம் அபராதச் செய்தி இவன் போனுக்கே வந்தது. இப்போது நாங்கள் மொத்தப் பணத்தில் ஒரு பகுதியை ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை நிறுத்தி வைக்கிறோம். முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு ஒத்துக்கொள்வார்கள்.

வாங்கியாயிற்று, எந்த அறிகுறியும் இல்லை

அப்படியென்றாலும் முதல் வாரமே என்ஜின் ஆயிலை மாற்றுங்கள். ஸ்கூட்டர் என்றால் பின்சக்கரத்துக் கியர் ஆயிலையும். அது சுமார் நூறு மில்லிதான், அதனாலேயே எல்லாரும் மறக்கிறார்கள். வடித்த பழைய ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெறும் கறுப்பாக ஓடினால் நல்லது. மினுக்மினுக்கென்று பொடி மின்னினால் உள்ளே எங்கோ உலோகம் தேய்கிறது. பதறாமல் புது ஆயில் ஊற்றி 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, திரும்ப வடித்து அதே தட்டில் பாருங்கள். இரண்டாம் தடவையும் மின்னினால் அடிவாரத்து அண்ணனிடம் ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.